கல்லுக்கு உரியவர்கள்: ஆஸ்திரேலியத் தொல்லியலில் பூர்வகுடி அறிவின் இடம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பக்கன் என்ற சிற்றூருக்கு அருகில் கிளாக்ஸ் குகை இருக்கிறது. அது குனைகுர்னை மக்களின் மண். 1970களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் ஜோசஃபின் ஃபிளட் அங்கே அகழாய்வு செய்தபோது அம்மக்களின் இசைவைக் கேட்கும் வழக்கமே துறையில் இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, குகையை மறுபடி ஆராய வேண்டும் என்று குனைகுர்னை மக்களின் அமைப்பே முடிவெடுத்து, மோனாஷ் பல்கலைக்கழகத்தின் புரூனோ டேவிட்டையும் அவர் குழுவினரையும் அழைத்தது.

மண்ணுக்குள்ளிருந்து உள்ளங்கை அளவே உள்ள இரண்டு தீக்குழிகள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றிலும் சிறுகிளைகள் கழிக்கப்பட்ட சவுக்குக் குச்சி ஒன்று இருந்தது. ஒரு குச்சியின் வயது சுமார் 11,000 ஆண்டுகள், மற்றதன் வயது சுமார் 12,000. குச்சிகள் லேசாகவே கருகியிருந்தன. அவற்றின்மீது கொழுப்பு பூசப்பட்டிருந்தது. சமைப்பதற்கு அந்த நெருப்பு போதாது. சுற்றிலும் உணவு மிச்சங்களும் இல்லை.

அப்படியானால் எதற்கு? விடை, 19ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் ஹோவிட் குனைகுர்னை மக்களிடம் கேட்டு எழுதிவைத்த குறிப்புகளில் இருந்தது. முல்லா-முல்லுங் எனப்படும் மந்திர வைத்தியர் குச்சியொன்றில் கொழுப்பைப் பூசி, சிறு நெருப்பின் முன் சாய்வாக நட்டு, குறிப்பிட்ட ஒருவரின் பெயரைச் சொல்லிப் பாடுவார். குச்சி விழுந்தால் சடங்கு பலித்தது என்று பொருள். 2024இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியான ஆய்வு, கொழுப்பு பூசிய அந்தக் குச்சிகளை இந்தச் சடங்கோடு பொருத்திக் காட்டியது. குனைகுர்னை மூத்தவரான ரஸ்ஸல் மல்லெட்டும் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர்.

நியாயமான ஐயம் ஒன்று இங்கே எழும். அண்மைக்கால வழக்கம் ஒன்றைப் பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பொருள்மீது ஏற்றிப் பார்க்கலாமா? வடிவம் ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறியிருக்கலாமே. பொதுவிதியாக இந்த எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் கிளாக்ஸ் குகையில் ஒப்புமை ஒற்றைக் காலில் நிற்கவில்லை. மரத்தின் வகை, கிளை கழித்தது, கொழுப்பு, தீயின் சிறிய அளவு, உணவு மிச்சம் இல்லாமை என ஒன்றையொன்று சாராத பல சான்றுகள் ஒரே பக்கம் சேர்கின்றன. வேறொரு கண்டத்திலிருந்து கடன் வாங்கிய ஒப்புமையும் அல்ல இது; அதே நிலத்தின், அதே மக்களின் மரபு. மக்களின் அறிவு இங்கே சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோளாக நுழைகிறது, ஆய்வுக்கூடம் அதைச் சோதிக்கிறது. அக்குகையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுள்ள சிறிய அரைகல்லும் இப்படித்தான் பேசியது. அரைகல் என்றாலே விதை அரைத்தது என்று வகைப்படுத்திவிடுவது எளிது. ஆனால் அதில் ஒட்டியிருந்தவை போகாங் அந்துப்பூச்சியின் எச்சங்கள். அப்பூச்சியை உணவாக்கிய நினைவை மக்கள் வாய்மொழியாகக் காத்து வந்திருந்தார்கள்.

கற்கருவி ஆய்வுக்கு மக்களின் இந்த அறிவு முக்கியம். உடைத்த விதத்தையும் விளிம்பின் கூர்மையையும் தேய்மானத்தையும் வைத்து, கருவி எப்படி உருவானது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஏன் அந்தக் கல், யாருக்கு, எந்த உரிமையில் என்ற கேள்விகளுக்குக் கற்செதில் தனியே விடை சொல்லாது. 1960களின் பிற்பகுதியில் மேற்குப் பாலைநிலத்துப் பூர்வகுடிகளோடு தங்கி, புன்டுட்ஜார்பா பாறை ஒதுக்கிடத்தையும் அகழ்ந்த ரிச்சர்ட் கூல்ட் இதை நேரில் கண்டார். கூர் நன்றாக நிற்கும் கல் அருகிலேயே இருக்க, ஆண்கள் தங்கள் முன்னோரின் புனித இடங்களோடு உறவுடைய தொலைதூரக் கல்லையும் கொண்டுவந்து பயன்படுத்தினார்கள். தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு இந்த விளக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். வேறு வேலையாகப் போனவர்கள் வழியில் எடுத்துவந்த கல்லுக்குப் புனிதக் காரணம் எதற்கு என்பது அவர் வாதம். பின்ஃபோர்டின் கேள்வி கூர்மையானதே. எனினும் அந்த விவாதமே அம்மக்கள் சொன்னதிலிருந்துதான் பிறந்தது. கற்களை மட்டும் எடைபோட்டுக்கொண்டிருந்தால் அப்படியொரு கேள்வி எழுந்திருக்காது.

வடக்கே மிரார் மக்களின் நிலத்திலுள்ள மஜட்பெபெ பாறை ஒதுக்கிடம், துறையின் அடிப்படைப் பகுப்பு ஒன்றையே அசைத்தது. 1865இல் ஜான் லப்பக் கற்காலத்தைப் பழையது, புதியது என்று பிரித்தபோது, தேய்த்து மெருகிட்ட கருவி புதிய கற்காலத்தின் அடையாளமானது. பின்னாளில் வேளாண்மையும் அதோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. மஜட்பெபெயின் அடி அடுக்குகளிலோ விளிம்பு தேய்த்த கோடரிகள், அரைகற்கள், தேய்த்த காவிக்கல், அப்ரகம் எல்லாம் இருந்தன. கிறிஸ் கிளார்க்சன் குழுவினர் 2017இல் அவற்றுக்குக் கணித்த காலம் சுமார் 65,000 ஆண்டுகள். மணலில் பொருள்கள் கீழே இறங்கியிருக்கலாம் என்று சிலர் இக்காலத்தை ஏற்கவில்லை. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் கோடரி பற்றிய முடிவு இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பியிருக்கவில்லை. கிம்பர்லியில், புனுபா மக்களின் நிலத்தில் கிடைத்த கோடரிச் சில்லு ஒன்றின் காலம் 45,000 ஆண்டுகளுக்கும் முன்பு செல்கிறது. ஐரோப்பாவின் வரிசையை உலகின் வரிசையாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

மஜட்பெபெ அகழாய்வின் ஒப்பந்தமும் கவனிக்கத்தக்கது. அகழ்வை எந்த நேரத்திலும் நிறுத்தும் உரிமையும், கிடைத்த பொருள்கள்மீதான அதிகாரமும் மிரார் மக்களிடமே இருந்தன. இந்த உரிமை அறிவியலின் கையைக் கட்டிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நடந்தது அதற்கு நேர்மாறு: அந்த நிபந்தனையின் கீழ்தான் கண்டத்தின் மிக முக்கியமான அகழாய்வுகளுள் ஒன்று முடிந்து வெளியானது.

உரிமை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஜூக்கன் பள்ளத்தாக்கு சாட்சி. பில்பராவில் புட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்களின் பாறை ஒதுக்கிடங்களை அழிக்க 2013இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு சுரங்க நிறுவனமான ரியோ டின்டோவுக்கு இசைவு தந்தது. அடுத்த ஆண்டு நடந்த மீட்பு அகழாய்வில் சுமார் 7,000 பொருள்கள் கிடைத்தன. மனித நடமாட்டம் 46,000 ஆண்டுகள் பின்னே போனது. 28,000 ஆண்டுப் பழமையுள்ள கங்காரு எலும்புக் கூர்முனை கிடைத்தது. 4,000 ஆண்டுகளுக்கு முன் பின்னிய தலைமுடிச் சரத்தின் மரபணு, இன்று வாழும் அம்மக்களோடு உறவைக் காட்டியது. இவ்வளவு தெரிந்த பிறகும், கொடுத்த இசைவை மறுபரிசீலனை செய்ய மாநிலத்தின் 1972ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுரிமைச் சட்டத்தில் அப்போது வழி இருக்கவில்லை. 2020 மே 24 அன்று வெடி வைக்கப்பட்டது. ஒதுக்கிடங்களைத் தவிர்க்கும் வேறு மூன்று திட்டங்கள் இருந்தன என்பதையும், 80 லட்சம் டன் இரும்புத் தாதுக்காகவே நான்காவது தேர்வானது என்பதையும் நிறுவனமே நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டது. பொறுக்க முடியாத இழப்பு இது.

மாநிலம் 2021இல் புதுச் சட்டம் இயற்றியது. 2023 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்து, பழைய சட்டத்தைத் திருத்தங்களோடு மீட்டது. சட்டம் இப்படித் தடுமாறும்போது ஆய்விதழ்களுக்குத் தங்கள் எல்லைக்குள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. காலக்கணிப்பு முறையை எழுதாத கட்டுரையை ஆய்விதழ்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதே கண்டிப்போடு, அகழ்வுக்கு யார் இசைவு தந்தார்கள், நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது, விளக்கத்தில் எந்தப் பகுதி மக்களின் அறிவிலிருந்து வந்தது, அது எப்படிச் சோதிக்கப்பட்டது என்பவற்றையும் ஆய்வுமுறைப் பகுதியிலேயே கேட்க வேண்டும். நன்றியுரைப் பத்தியில் ஒரு வரியாக அவற்றை ஒதுக்கினால், சான்றின் ஒரு பகுதி வாசகரிடமிருந்து மறைக்கப்படுகிறது.