பிழையும் திருத்தமும்: ‘ஃபைனல் ஃபேண்டசி’ முதல் பாகத்தின் பதிப்பு வரலாறு (1987–2023)

முன்னுரை

ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1987 டிசம்பர் 18 அன்று ‘ஃபைனல் ஃபேண்டசி’ என்ற பாத்திரமேற்பு விளையாட்டை நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்டது. விளையாட்டு முழுவதும் 256 கிலோபைட் கொண்ட ஒரு கார்ட்ரிட்ஜில் அடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் அது எம்எஸ்எக்ஸ்2 கணினி, வொண்டர்ஸ்வான் கலர், பிளேஸ்டேஷன், கேம்பாய் அட்வான்ஸ், பிஎஸ்பி, ஐபோன் எனப் பல கருவிகளுக்குப் பெயர்ந்தது. 2021-இல் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ என்ற பெயரில் மீண்டும் வந்தது.

இந்த மறுவெளியீடுகளை விளையாட்டு இதழ்கள் படத் தரம், இசைத் தரம், விலை ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவற்றை ஒரு நூலின் அடுத்தடுத்த பதிப்புகளாகக் கொண்டு ஆராய்கிறது. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவர் எதைப் பிழையெனத் திருத்துவது, எதைப் பாடபேதமென விட்டுவைப்பது, எதை இடைச்செருகலென விலக்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். பழைய விளையாட்டைப் புதுப்பிப்பவருக்கும் அதே கடமை உண்டு. ஆனால் அவர் தம் முடிவுகளுக்கு அடிக்குறிப்பு எழுதுவதில்லை. எனவே பதிப்புகளை ஒப்பிட்டுத்தான் அம்முடிவுகளை நாம் அறிய முடிகிறது.

மூலம்: 1987

எனிக்ஸ் நிறுவனத்தின் ‘டிராகன் குவெஸ்ட்’ 1986 மே மாதம் வெளியாகி, பாத்திரமேற்பு விளையாட்டுக்கு ஃபேமிகாமில் பெருங்கூட்டம் உண்டு என்று காட்டியது. அந்தச் சூழலில்தான் ஹிரோனோபு சகாகுச்சி தலைமையில் ஒரு சிறு குழு தன் படைப்பைத் தொடங்கியது. நிரல் எழுதியவர் நாசிர் கெபெல்லி. ஈரானில் பிறந்த அவர், அமெரிக்காவில் ஆப்பிள் II கணினிக்கான விளையாட்டுகளால் பெயர் பெற்றவர். ஓவியம் யோஷிதாகா அமானோ, இசை நோபுவோ உவேமட்சு, போர்முறை வடிவமைப்பு அகிதோஷி கவாசு. அமானோவின் நுண்ணிய கோடுகளைத் திரைக்குரிய புள்ளிச் சித்திரங்களாக மாற்றியவர் கசுகோ ஷிபுயா. போர்க்களத்தில் நிற்கும் ஒரு வீரனுக்கு அவருக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 16 புள்ளி, உயரத்தில் 24 புள்ளி மட்டுமே. ஒவ்வொரு வண்ணத்தொகுதியிலும் மூன்று நிறங்களே இருந்தன.

ஆட்டத்தின் தொடக்கத்தில் வீரர், திருடர், கறுப்புப் பட்டை மல்லர், சிவப்பு, வெள்ளை, கறுப்பு மந்திரவாதிகள் என்ற ஆறு தொழில்களிலிருந்து நால்வரைக் கொண்ட குழுவை ஆடுபவரே அமைக்கிறார். மந்திரங்கள் மொத்தம் 64. அவை எட்டு நிலைகளாகப் பிரிந்துள்ளன. ஒவ்வொரு நிலைக்கும் இத்தனை முறைதான் ஓதலாம் என்ற எண்ணிக்கை உண்டு; அது ஒன்பதைத் தாண்டாது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டின் தாக்கம் இம்முறையில் தெளிவாகத் தெரிகிறது.

ஆட்டத்தைச் சேமிக்க விடுதியில் தங்க வேண்டும், அல்லது உலக வரைபடத்தின் திறந்தவெளியில் கூடாரம் அடிக்க வேண்டும். குகைக்குள் சேமிக்க வழியே இல்லை. இறந்தவரை எழுப்பும் மந்திரம் போரின் நடுவே பலிக்காது. ஆகவே சதுப்புக் குகைக்குள் இறங்கும் குழு, போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் மந்திரத்தைக் கணக்கிட்டுச் செலவழிக்க வேண்டும். ஓதும் எண்ணிக்கை, சேமிக்கும் இடம், மருந்தின் அளவு ஆகிய மூன்று விதிகளும் சேர்ந்தே அந்தக் குகையின் அச்சத்தை உண்டாக்கின. திரையில் தெரியும் சில பச்சைக் கட்டங்களால் மட்டும் அது நேரவில்லை. பின்வந்த பதிப்புகளை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

முதல் பாடபேதங்கள்

மைக்ரோகேபின் நிறுவனம் 1989-இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கு இவ்விளையாட்டைக் கொண்டுவந்தது. நெகிழ்வட்டில் வந்த அப்பதிப்பில் வண்ணங்கள் கூடின. கூடவே, வட்டைப் படிக்கக் காத்திருக்கும் நேரமும் சேர்ந்தது. 1990-இல் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டது. அதில் செய்யப்பட்ட மாற்றங்கள் தொழில்நுட்பத்தால் வந்தவை அல்ல. சமயச் சின்னங்களை விலக்கும் நிண்டெண்டோவின் கொள்கையால், இறந்தவரை எழுப்பும் தேவாலயம் மருத்துவ நிலையமாக மாறியது. பதிப்புரிமைச் சிக்கல் வரக்கூடும் என்பதால், மேசை விளையாட்டின் பெயர்பெற்ற அரக்கனை ஒத்திருந்த ஓர் உருவம் வேறாக வரையப்பட்டது.

இன்னொரு மாற்றம் சிறியது, ஆனால் சுவையானது. எல்ஃப் ஊரில் ஒரு கல்லறை இருக்கிறது. ஜப்பானிய மூலத்தில் அங்கே உறங்குபவன் நிண்டெண்டோவின் ‘செல்டா’ தொடர் நாயகன் லிங்க். 1990-இன் ஆங்கிலப் பதிப்பிலோ அவன் ‘டிராகன் குவெஸ்ட்’ கதை மாந்தனான எர்ட்ரிக். போட்டி விளையாட்டுக்கான நகைச்சுவைக் குறிப்பு, மொழி மாறியதும் வேறொரு போட்டியாளரைச் சுட்டத் தொடங்கிவிட்டது. எந்தக் கல்லறை எழுத்தைப் படித்தோம் என்பதைக் கொண்டே ஒருவர் எந்தப் பாடத்தில் வளர்ந்தார் என்று சொல்லிவிடலாம்.

விரிவாக்கக் காலம்: 2000–2010

தொடரின் ஏழாம் பாகம் 1997-இல் சோனியின் பிளேஸ்டேஷனுக்குப் போனதும் ஸ்குவேருக்கும் நிண்டெண்டோவுக்கும் இருந்த உறவு முறிந்தது. நிண்டெண்டோவின் கையடக்கக் கருவிகளுக்கு ஸ்குவேர் எழுதாத அந்த ஆண்டுகளில், பாண்டாயின் வொண்டர்ஸ்வான் கலர் கருவிக்கு முதல் பாகம் 2000 டிசம்பர் 9 அன்று புது உருவில் வந்தது. பாத்திரங்கள் பெரிதாயின, போர்த் திரையின் கறுப்பு வெளியில் முழுப் பின்னணி ஓவியம் எழுந்தது, மூலத்தின் பல நிரல் பிழைகள் முதன்முறையாகத் திருத்தப்பட்டன. வணிகப் பிணக்கிலிருந்து பிறந்த இப்பதிப்பு ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கு வராவிட்டாலும், அடுத்த பத்தாண்டுப் பதிப்புகளுக்கு அடிப்படையாயிற்று.

2002 அக்டோபரில் பிளேஸ்டேஷன் பதிப்பு ஜப்பானில் வந்தது. மறு ஆண்டு அது ‘ஃபைனல் ஃபேண்டசி ஆரிஜின்ஸ்’ என்ற பெயரில் இரண்டாம் பாகத்துடன் ஒரே தொகுப்பாக மேலைநாடுகளை அடைந்தது. அதில் எளிய முறை, வழக்கமான முறை என இரு வழிகள் இருந்தன. எளிய முறையில் பொருள்களின் விலை குறைவு, வளர்ச்சி வேகம் அதிகம். கடுமையை விரும்புவோருக்குப் பழைய வழியும் அதே வட்டில் இருந்தது. பதிப்பியல் நோக்கில் இது ஒரு நல்ல முன்மாதிரி.

2004-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ‘டான் ஆஃப் சோல்ஸ்’ அந்த வாய்ப்பை அகற்றிவிட்டது. நிலைவாரியான எண்ணிக்கைக்குப் பதிலாக, பிற்காலப் பாகங்களில் வழங்கிய பொதுவான மந்திரப் புள்ளி முறை வந்தது. எங்கு வேண்டுமானாலும் சேமிக்கலாம். போரின் நடுவே இறந்தவரை எழுப்ப ஃபீனிக்ஸ் இறகு கிடைத்தது. மேலும் நான்கு புதிய நிலவறைகள் சேர்ந்தன. அவற்றில் தொடரின் மூன்று முதல் ஆறு வரையிலான பாகங்களின் பகைவர்கள் காத்திருந்தார்கள். சுவடி நடையில் சொன்னால் இவை இடைச்செருகல்கள்: பின்னால் எழுதப்பட்டவை முன்னால் எழுதப்பட்டதற்குள் நுழைந்துகொண்டன. 20-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2007-இல் வந்த பிஎஸ்பி பதிப்பு இன்னொரு நிலவறையைச் சேர்த்தது. அதைத் தழுவி 2010-இல் ஐபோன் பதிப்பு வந்தது.

இம்மாற்றங்களால் புதியவர்கள் இலட்சக்கணக்கில் இந்தக் கதைக்குள் வந்தார்கள் என்றால் அதில் தவறில்லை. ஆனால் சதுப்புக் குகை அதே வடிவில், அதே அரக்கர்களுடன் இருந்தும் வேறு குகையாகிவிட்டது. ஒவ்வோர் அடியிலும் சேமிக்க முடிகிற இடத்தில் திரும்பும் வழியைப் பற்றிய கவலை எழாது. விதிகளை மாற்றியவர்கள் வசதியைச் சேர்ப்பதாகவே எண்ணினார்கள். அந்த இடத்தின் பொருளையும் மாற்றினார்கள்.

எது பிழை?

மூலத்தின் குறைகளை மூன்று வகையாகப் பிரித்தால் பதிப்பாளர்களின் மனப்போக்கு விளங்கும்.

முதல் வகை ஐயத்துக்கு இடமில்லாத நிரல் பிழை. மந்திரவாதிகளுக்கென்று ‘அறிவு’ என்ற ஒரு பண்பு இருக்கிறது. 1987 மூலத்தில் அது மந்திரத்தின் வலிமையைச் சிறிதும் பாதிப்பதில்லை. தோழனின் வாள்வலியைக் கூட்டும் மந்திரத்தை ஓதினாலும் எதுவும் நடக்காது. எழுதியவர்களின் நோக்கம் வெளிப்படையாகத் தெரிவதால், இவற்றைத் திருத்துவதே முறை.

இரண்டாம் வகை, ஆட்டத்தின் சமநிலையோடு பின்னிவிட்ட பிழை. ஆயுதங்களின் பெருந்தாக்கு வாய்ப்பை, அதற்கென ஒதுக்கிய எண்ணிலிருந்து எடுக்காமல், பட்டியலில் அந்த ஆயுதத்தின் வரிசை எண்ணிலிருந்து நிரல் எடுத்துவிடுகிறது. அதனால் பட்டியலில் பின்னால் வரும் ஆயுதங்கள் உரியதைவிட வலிமை பெற்றன. நோக்கம் தெரிந்தாலும் இதைத் திருத்தும்போது ஆடுபவர்கள் பழகிய வீரனின் பலம் மாறுகிறது.

மூன்றாம் வகை, பிழையா விதியா என்று முடிவு செய்ய முடியாதது. மூலத்தில் இரு வீரர்கள் ஒரே அரக்கனைக் குறிவைத்து, முதல்வனின் அடியிலேயே அரக்கன் வீழ்ந்தால், இரண்டாமவனின் வீச்சு வெற்றிடத்தில் விழுந்து வீணாகும். இதைக் கருவியின் குறை என்று சிலர் கொள்வர். ஆனால் அரக்கனின் உயிர்வலியை முன்கூட்டி மதிப்பிட்டு, அடிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் திறமை இந்த ஒரு விதியால்தான் தேவைப்பட்டது. பிந்தைய பதிப்புகளில் வீச்சு தானாக அடுத்த அரக்கனை நாடுகிறது; அத்திறமைக்கு வேலையில்லாமல் போயிற்று.

இவ்வகையில் இன்னொன்று, ஆடுபவர்கள் ‘வலிமைத் தீபகற்பம்’ என்று அழைக்கும் நிலப்பகுதி. உலக வரைபடம் அரக்கர் வகைக்காகச் சதுர மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பிரவோகா ஊருக்கு வடகிழக்கே உள்ள ஒரு நிலமுனை, தொலைவிலுள்ள கடும்பகுதியின் மண்டலத்துக்குள் விழுந்துவிட்டது. ஆகவே தொடக்கநிலைக் குழுவும் அங்கே பெரும் பகைவர்களை எதிர்கொண்டு, துணிந்தால் விரைவில் வளரலாம். கட்டம் பிரித்ததில் நேர்ந்த விளைவு, நாளடைவில் ஆடுபவர்களின் மரபாயிற்று. 2021 பதிப்பும் அதைத் திருத்தாமல் காத்திருக்கிறது. வாசகர் வழக்கே ஒரு பாடத்தை நிலைநிறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மீட்பு நோக்கிய பதிப்பு: 2021–2023

2003-இல் எனிக்ஸுடன் இணைந்து ஸ்குவேர் எனிக்ஸ் ஆன நிறுவனம், 2021 ஜூலை 28 அன்று முதல் மூன்று பாகங்களின் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ பதிப்புகளைக் கணினிக்கும் கைபேசிக்கும் வெளியிட்டது. ஆறாம் பாகம் 2022 பிப்ரவரியில் வந்து வரிசை நிறைவடைந்தது. பாத்திரங்களின் புள்ளிச் சித்திரங்களை ஷிபுயாவே மீண்டும் வரைந்தார். உவேமட்சுவின் மேற்பார்வையில் இசை புதிதாக அமைக்கப்பட்டது. மூலக் கலைஞர்களே தம் படைப்பின் பதிப்பாசிரியர்களாகத் திரும்பியது இத்துறையில் அரிய நிகழ்வு.

இப்பதிப்பின் திசையும் வேறு. மந்திரப் புள்ளி முறை நீங்கி, நிலைவாரியான பழைய எண்ணிக்கை மீண்டது. கையடக்கப் பதிப்புகளின் கூடுதல் நிலவறைகள் விலக்கப்பட்டன. ஆயினும் எங்கும் சேமிக்கும் வசதியும், தானாகக் குறிமாறும் வீச்சும் இருக்கின்றன. ‘அறிவு’ பண்பு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆக, 1987-இல் எவரும் ஆடிய விளையாட்டு இதுவன்று. எழுதியவர்கள் எண்ணியதும், ஆடியவர்கள் நினைவில் வைத்திருப்பதும் கலந்த ஒரு செம்பதிப்பு. அந்த அளவில் இது மதிப்புக்குரிய உழைப்பு.

ஆங்கிலப் பதிப்பின் எழுத்துரு பழைய அழகுக்குப் பொருந்தவில்லை என்று ஆடுபவர்கள் குறை கூறினார்கள். கணினியில் தாங்களே எழுத்துருவை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4, நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிகளுக்கு வந்தபோது நிறுவனமே புள்ளி எழுத்துருவைத் தேர்வாகத் தந்தது. பழைய இசையா புதிய இசையா என்று ஆடும்போதே மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. இரு பாடங்களை அருகருகே வைத்துத் தேர்வை வாசகரிடம் விடுவது நடைமுறையில் இயலும் என்பதை இது உறுதிசெய்கிறது.

இதே வரிசைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. புதிய பதிப்புகள் வரும் வேளையில், ஐந்தாம், ஆறாம் பாகங்களின் முந்தைய கணினிப் பதிப்புகள் ஸ்டீம் கடையிலிருந்து விலக்கப்பட்டன. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இருக்கவில்லை. புதுப்பிக்கப்படும் பேறு பெற்ற படைப்புகளுக்குள்ளும், புதுப்பித்தல் பழையதை மறைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

முடிவுரை

இவ்வரலாற்றில் மூன்று கட்டங்கள் தெரிகின்றன. 1989–90-இல் கருவிக்கும் சந்தைக்கும் ஏற்ப மூலம் தழுவப்பட்டது. 2000–2010-இல் பிற்காலப் பாகங்களின் அளவுகோலால் அது விரிக்கப்பட்டது. 2021-க்குப் பின் அதன் சொந்த அளவுகோலை நோக்கி மீட்கப்பட்டது. எந்தக் கட்டத்திலும் திருத்தியவர்கள் எதைத் திருத்தினார்கள், ஏன் திருத்தினார்கள் என்ற முழுப் பதிவு விளையாட்டோடு சேர்த்துத் தரப்படவில்லை.

இனிவரும் மறுவெளியீடுகளிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியவை மூன்று. 1987-இன் 256 கிலோபைட் மூலம், பிழைகள் உட்பட, திருத்திய பதிப்போடு ஒரே தொகுப்பில் ஆடக் கிடைக்க வேண்டும். நிரல் பிழைக்கான திருத்தமும் விதி மாற்றமும் வேறுவேறு தேர்வுகளாக இருக்க வேண்டும். குறி தப்பிய வீச்சு வீணாவதை விரும்புபவர் அதை வைத்துக்கொள்ளட்டும். மாற்றங்களின் பட்டியல் விளையாட்டுக்குள்ளேயே இடம்பெற வேண்டும். இசைக்கும் எழுத்துருவுக்கும் 2023-இல் தந்த தேர்வை விதிகளுக்கும் நீட்டினால் போதும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. 16 புள்ளி அகலத்தில் ஒரு வீரனை நிற்கவைத்த கலைஞர்களின் உழைப்பும், அந்த வீரனை நம்பிக் குகைக்குள் இறங்கியவர்களின் அனுபவமும் அப்போதுதான் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு முழுமையாகக் கிடைக்கும்.