நான்கு எழுத்துகளின் வரலாறு

பிரா எனப்படும் மார்புக்கச்சின் அளவைக் குறிக்கும் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவத் தாங்குபட்டைகளைத் தயாரித்துவந்த எஸ். எச். கேம்ப் நிறுவனம் 1932இல் வகுத்தவை. அவை தொடக்கத்தில் மார்பின் பருமனோடு அதன் தொய்வையும் சேர்த்தே குறித்தன. மார்பைத் தாங்கி நிற்கும் மெல்லிய இணைப்பிழைகள், அவற்றை 1840இல் விளக்கிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் அறியப்படுகின்றன. வயது ஏற ஏற அவை தளர்வதும், மாதவிடாய் நின்றபின் பால்சுரப்பித் திசு சுருங்கி அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புவதும் எந்த உடலும் தப்ப முடியாத இயல்புகள். அந்த இயல்புக்கேற்ற தாங்கலைத் தெரிவுசெய்யப் பிறந்த எழுத்து, உள்ளாடை வணிகத்தின் கைக்குப் போனதும் பெண்களைத் தரம் பிரிக்கும் மதிப்பெண்ணாயிற்று.

1932க்கு முந்தைய இருபது ஆண்டுகளில் நாகரிகம் நேரெதிர்த் திசையில் ஓடியது. மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் 1914இல் காப்புரிமை பெற்ற கச்சு, இரண்டு கைக்குட்டைகளையும் ஒரு நாடாவையும் இணைத்துத் தைத்ததிலிருந்து உருவானது. விறைப்பான இடுப்புக்கச்சையிலிருந்து விடுதலை தந்த அது மார்பைத் தட்டையாக்கவே செய்தது. 1920களின் மோகமும் சிறுவனைப் போன்ற தட்டை உருவத்தின் மீதே இருந்தது. நியூயார்க்கில் உடைக்கடை நடத்திய ஐடா ரோசென்தாலும் ஈனிட் பிசெட்டும் அதற்கு உடன்படாமல், மார்பின் இயல்பான வடிவைத் தாங்கும் இரு கிண்ணங்களைத் தம் உடைகளுக்குள் தைத்தனர். மெய்டன்ஃபார்ம் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. 1905இல் பிறந்த பருத்த மார்புடைய பெண்ணொருத்தி இருபது வயதில் அதைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. ஐம்பதாவது வயதில், கூம்புபோல் நிமிர்ந்த மார்பே அழகென்றாகிவிட்டதால், தளர்ந்துவிட்டதே என்று குறைபட நேர்ந்தது. இரு முறையும் குறை உடலில் இருந்ததாகவே அவளிடம் சொல்லப்பட்டது.

அந்த எழுத்தின் கணக்கும் பலர் நினைப்பதுபோல் இல்லை. அமெரிக்க வழக்கில், மார்பின் மிகப் பருத்த பகுதியின் சுற்றளவிலிருந்து, மார்புக்குக் கீழே சுற்றும் பட்டையின் அளவைக் கழித்து வரும் வேறுபாடு ஓர் அங்குலமானால் ஏ, இரண்டானால் பி என்று அது ஏறுகிறது. எழுத்தின் முன் வரும் எண் பட்டையின் அளவு. ஆகவே 32டி, 34சி, 36பி ஆகிய மூன்றின் கிண்ணங்களும் கொள்ளளவில் ஏறத்தாழ ஒன்றே. எண்ணை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் சொன்னால் அது எதையும் அளப்பதில்லை. தமிழகத்துக் கடைகளில் 'பாடி' என்று கேட்டு வாங்கும் பெண்கள் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எழுத்தை விழுங்கிவிடுவது உண்டு. அதற்குக் காரணம் கணக்கன்று, கூச்சம்.

கூச்சத்தை நோயாக்கும் பணியை மருத்துவம் மேற்கொண்டது. ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ ஆகிய மருத்துவர்கள் 1962இல் சிலிக்கோன் பையை முதன்முதலாகப் பெண்ணொருவரின் மார்பில் பொருத்தினர். இருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் சங்கம், சிறிய மார்பு ஒரு நோய் என்றே அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் வாதிட்டு, அதற்கு 'மைக்ரோமாஸ்டியா' என்னும் கிரேக்கப் பெயரையும் முன்வைத்தது. 'சிறுமார்பு' என்பதற்கு மேல் அச்சொல்லில் பொருள் ஏதுமில்லை. பைகள் கசிவது குறித்த அச்சத்தால் 1992இல் அழகுக்காகப் பொருத்துவதற்கு அவற்றைத் தடுத்த அந்நிர்வாகம், 2006இல் மீண்டும் அனுமதித்தபோது, பயன்படுத்துவோர்க்குக் குறைந்தது 22 வயது ஆகியிருக்க வேண்டும் என்றது. மேல்வரம்பு எதையும் விதிக்கவில்லை.