வைத்தியரின் ஒழுகலாறும் நோயாளரின் மொழியும்

வைத்தியக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நோயாளரிடம் நடந்துகொள்ளும் முறையை வைத்தியர் எவ்வாறு பயின்றனர் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு முதல் உள்ளூர் மாணவரைப் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். இதனைக் கண்ட கிறீன் 1860களில் மானிப்பாயில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தன. மாணவர் தம் ஊர் உடையையும் உணவையும் கைவிடலாகாது என்பதும் அவர் கருத்தாகும். சமயப் பரப்பல் மிஷனின் நோக்கமாயினும், மக்களிடமிருந்து அந்நியப்படாத வைத்தியரை உருவாக்க முயன்றமை குறிப்பிடத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் இப்பயிற்சிக்குக் கருவிகள் துணையாயின. பேர்ணும் லோங்கும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஏறத்தாழ 2,500 சந்திப்புகளை அடிப்படையாகக் கொண்டது. நோயாளர் எவராயினும் வைத்தியர் பலர் தம் பேச்சுமுறையை மாற்றுவதில்லை என்பதை அது காட்டிற்று. பின்னர் வந்த வீடியோ, நோயாளர் முகத்தை நோக்காமையையும் பேச்சை இடைமறிப்பதையும் வைத்தியர் தாமே காணச் செய்தது.

ஆயின், அத்திரையில் எவருடைய பேச்சு ஒலிக்கின்றது? மன்னார் மாவட்டத்தின் வட பகுதியிலுள்ள வெள்ளாங்குளத்துக் கமக்காரர் ஒருவர், "நெஞ்சுக்குள்ளை அந்தரமாய்க் கிடக்கு" எனலாம். அது நோவா, மூச்சுமுட்டலா, அச்சமா எனப் பொறுமையுடன் வினவியறிவதே வைத்தியரின் கடமை. பிறநாட்டுப் படம் அதனைக் கற்பிக்காது. கிறீன் நூல்களைத் தமிழாக்கியது போல, வீடியோப் பயிற்சியையும் எம் மக்களின் வழக்குமொழியிலேயே ஆக்கிக்கொள்ளல் வேண்டும்.