காற்றும் எண்ணெயும்: ஒரு கம்ப்ரசர் வரலாறு

திருவக்கரை என்றால் பக்தர்களுக்கு வக்ரகாளியம்மன். புவியியல் படித்தவர்களுக்குக் கல்மரங்கள். என் போன்ற மெக்கானிக்கல்காரர்களுக்கோ கல்குவாரியின் கம்ப்ரசர் சத்தம்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நம் மலரில் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அழுத்திய காற்றின் பலத்தை உலகுக்குக் காட்டியது ஆல்ப்ஸ் மலையின் மோன் செனி ரயில் சுரங்கம். 1857-ல் கையால் துளைக்க ஆரம்பித்தார்கள். 1861-ல் சோமெயே என்ற பொறியாளரின் காற்றுத் துளைக்கருவி வந்ததும் வேலை வேகம் பிடித்தது. 1871-ல் ரயில் ஓடியது. நம் குவாரி ஜாக்ஹாமருக்கு அதுவே பாட்டன்.

பிஸ்டன் கம்ப்ரசரில் எண்ணெய் தேய்மானத்தைக் குறைக்கும், காற்றுக் கசிவையும் தடுக்கும். ஆனால் கொஞ்சம் எண்ணெய் காற்றோடு சேர்ந்தே வெளியே போய்விடும். எண்ணெய் இல்லாத கம்ப்ரசர்தான் புதுசு என்று நாம் நினைக்கிறோம். திருகு கம்ப்ரசரில் நடந்ததோ தலைகீழ்! 1930-களில் ஸ்வீடனின் லிஸ்ஹோம் உருவாக்கியது எண்ணெய் படாத வகை. இரண்டு திருகுகளும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வெளியே பல்சக்கரங்கள் வேண்டும். இடைவெளியில் காற்று கசியும், சூடும் ஏறும். ஆகவே 7 பார் அழுத்தத்துக்குப் பொதுவாக இரண்டு கட்டங்களும் நடுவே கூலரும் தேவை. 1950-களில் உள்ளே எண்ணெயைப் பாய்ச்சும் முறை வந்தது. எண்ணெயே இடைவெளியை அடைத்தது, சூட்டையும் வாங்கிக்கொண்டது. ஒரே கட்டம் போதும், விலையும் இறங்கியது.

இந்தியாவில் 1958-ல் புனேயில் கிர்லோஸ்கர் நியூமாட்டிக், 1960-ல் கோவையில் எல்ஜி நிறுவனங்கள் தொடங்கின. பிறகு டிராக்டரில் பூட்டிய கம்ப்ரசர் கிணறு வெட்டவும் கல் உடைக்கவும் நம் கிராமங்களுக்கே வந்துவிட்டது.

சரி, எது நல்லது? குவாரியில் ஜாக்ஹாமருக்கு எண்ணெய் கட்டாயம் வேண்டும். லைனில் ஆயிலர் வைத்துத் தனியாகவே கொடுக்கிறோம். அங்கே எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் வாங்குவது வீண் செலவு. மருந்து, உணவுத் தொழிற்சாலையில் கதை வேறு. ஐ.எஸ்.ஓ. 8573 தரத்தில் முதல் வகுப்புக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 0.01 மில்லிகிராம் எண்ணெய்தான் இருக்கலாம். 2001-ல் அதைவிடக் கடுமையான ‘பூஜ்ய வகுப்பு’ சேர்ந்தது. பெயர் பூஜ்யம் என்றாலும் எண்ணெய் அறவே இல்லை என்று அர்த்தமில்லை. கம்ப்ரசர் டீசல் புகையை உறிஞ்சினால் எண்ணெய் ஆவியும் கூடவே வரும்!

2021 கொரோனா இரண்டாம் அலையில் இந்த விஷயம் உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. மத்திய பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் ஆக்சிஜன் பிளாண்ட் செய்தவர்களில் கோவை டிரைடென்ட் நியூமாட்டிக்ஸும் ஒன்று. அத்தகைய பிளாண்டில் ஜியோலைட் மணிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துவைத்து ஆக்சிஜனை விடும். மணிகளில் எண்ணெய் படிந்தால் அந்தத் திறன் போய்விடும். ஆகவே எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் வேண்டும், அல்லது நல்ல ஃபில்டர்களை நேரத்துக்கு மாற்ற வேண்டும். ஃபில்டரை மறந்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் கொட்டேஷன் பார்ப்பீர்கள். விலையைப் பார்க்குமுன் ‘இந்தக் காற்று எங்கே போய் முடிகிறது?’ என்று கேளுங்கள். குவாரி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: துளையில் தண்ணீர் விடுகிறார்களா? கல்தூசு தொழிலாளியின் நுரையீரலில் போய்ப் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.