ஓவன்ஸ் நதிக்குத் திரும்பிய நீர்

கலிபோர்னியாவின் கிழக்குப் புறத்தில், ஸியர்ரா நெவாடா மலைகளின் பனி உருகிப் பெருகும் ஓவன்ஸ் நதி, கடலைச் சேராமல் ஓர் உப்பேரியில் சென்று அடங்குவது. 1913ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரத்தார், வில்லியம் முல்ஹாலண்டு என்னும் நிபுணரின் யோசனைப்படி, அதன் ஓட்டத்தைத் தலைமதகால் திருப்பி, 233 மைல் நீண்ட கால்வாயில், நிலத்தின் சரிவு ஒன்றையே துணையாகக் கொண்டு, தங்கள் ஊருக்குக் கொண்டுசென்றார்கள். இயந்திர சகாயமின்றி மலையும் பாலையும் கடந்த அந்தச் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தவர் பலர். மதகுக்குக் கீழே 62 மைல் தூரம் நதி வறண்டதையும், ஏரி உவர்ப் புழுதித் திடலானதையும் அன்று பொருட்படுத்தியவர் சிலரே.

1970இல் இரண்டாம் கால்வாயும் வந்து, நிலத்தடி நீரும் இறைக்கப்படவே, பள்ளத்தாக்கின் ஊற்றுகள் வற்றின. 1972இல் இன்யோ மாவட்டத்தார் வழக்குத் தொடுத்தனர். 1991இலும் 1997இலும் உடன்படிக்கைகள் உண்டாயின. அவற்றின்படி நடவாத தாமதத்துக்காக நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் என்று நியாயஸ்தலம் விதித்த பிறகே, 2006 டிசம்பர் 6ஆம் நாள், எந்தத் தலைமதகு நதியைத் தடுத்ததோ அந்தத் தலைமதகே அதற்கு நீர் விட்டது.

ஆண்டு முழுவதும் விநாடிக்கு 40 கன அடி நீரேனும் நதியில் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. பிளாக்ராக் என்னுமிடத்தில், நல்ல நீர்வரத்துள்ள ஆண்டுகளில், நீர்ப்பறவைகளுக்காகச் சுமார் 500 ஏக்கர் நிலத்தில் நீர் தேக்கப்படுகிறது. ஏரிமுகத்துச் சதுப்புக்கு ஆண்டுச் சராசரியாக விநாடிக்கு 6 முதல் 9 கன அடி நீர் போகிறது. எஞ்சியதை ஏரிக்குச் சற்று மேலே ஓர் இறைப்பு நிலையம் ஏற்றி மறுபடி நகரத்தாரின் உபயோகத்துக்கே அனுப்புகிறது. இதனை அரைகுறை தானம் என்று சிலர் குறை கூறலாம். ஆயினும் நகரம் தன் பங்கை இழந்துவிடாமல் நதி உயிர்பெற இதுவே வழியாக இருந்தமையால், இந்தச் சமரசத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால், பருவந்தோறும் ஏறியும் இறங்கியும் ஓடுவதே மலைநதிக்கு மூச்சு. ஒரே அளவான மெல்லோட்டம் சம்பங்கோரைக்கே உகந்தது. ஆகவே அது இரு கரையிலிருந்தும் நெருங்கி வளர்ந்து, பல இடங்களில் நீர்வழியையே அடைத்துக்கொண்டது. வெயில் மிகுந்த காலத்தில், படுகையில் மட்கிய தழைகள் நீரின் பிராணவாயுவைக் குடித்துவிட, மீன்கள் மடிவதும் உண்டு. வில்லோ இனத்து மரங்களும் காட்டன்வுட் மரங்களும் புதிதாக முளைப்பதற்கு, வெள்ளம் வந்து வடிந்த ஈர வண்டல் வேண்டும். அவற்றின் விதைகள் பறக்கும் முன்வேனிலை ஒட்டி விநாடிக்கு 200 கன அடி வரை நீரைப் பெருக்கி விடலாம் என்று திட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். கோரையைப் பெயர்த்து மேட்டில் வண்டலைப் பரப்ப அந்தப் பெருக்குப் போதாது. பனி மிகுந்த ஆண்டுகளிலேனும் அதனைப் பன்மடங்காக்கித் தலைமதகை அகலத் திறக்க நகரத்தார் இசைய வேண்டும்.