ஜீப்பின் ஆக்சில்: தடிமனுக்கு முன்னே அமைப்பு

பழைய ஜீப்புக்கு வலுவான ஆக்சில் தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஷாஃப்ட் எவ்வளவு தடிமன், டிஃபரன்ஷியலின் கிரவுன் பல்சக்கரம் எவ்வளவு பெரிது என்பதைத்தான். அமெரிக்க ஜீப்பின் வரலாறு வேறொரு கேள்வியை முன்னே வைக்கிறது: வண்டியின் எடையை எந்தப் பாகம் தாங்குகிறது? 1941-லிருந்து போர் முடியும்வரை வில்லிஸும் ஃபோர்டும் தயாரித்த ராணுவ ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைத்திறன்தான். அதன் ஷாஃப்டுகளும் இன்றையவற்றோடு ஒப்பிட்டால் மெல்லியவை. ஆனால் பின் ஆக்சில் ‘ஃபுல் ஃப்ளோட்டிங்’ வகை. அதில் ஹப் பேரிங்குகள் ஹவுசிங்கின் முனையிலேயே அமர்ந்து எடையைத் தாங்கும். ஷாஃப்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றும் வேலை மட்டுமே. ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். ஒடிந்ததை உருவிவிட்டு முன்சக்கர இழுவையில் வண்டி ஊர் திரும்பலாம். அந்த மெல்லிய ஷாஃப்ட் தாக்குப்பிடித்ததற்குச் சிறிய டயரும் குறைந்த சக்தியும் எந்த அளவுக்குக் காரணமோ, அதே அளவுக்கு இந்த அமைப்பும் காரணம்.

1945-ல் பொதுமக்களுக்கு வந்த சிஜே-2ஏ ஜீப், உற்பத்தி தொடங்கிய சிறிது காலத்திலேயே ‘செமி ஃப்ளோட்டிங்’ பின் ஆக்சிலுக்கு மாறியது. இதில் பாகங்கள் குறைவு. ஆனால் சுழற்றும் வேலையோடு எடையின் வளைவு விசையையும் ஷாஃப்டே ஏற்க வேண்டும். வயலிலும் பண்ணையிலும் அது போதுமானதாகவே இருந்தது. பின்னர் வண்டியின் பயன்பாடு மாறியது. 1953-ல் கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து ரூபிகான் பாதை வழியே ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்ற கூட்டுப்பயணம் தொடங்கியது. பாறைமேல் ஜீப் ஏற்றுவதே ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. 1960-களின் நடுவில் வி-6 எஞ்சினும், 1972-ல் 5 லிட்டர் வி-8 எஞ்சினும் சிஜே-5-க்குள் வந்தன. பாறையைத் தாண்ட உரிமையாளர்கள் பெரிய டயர் மாட்டினார்கள். 28 அங்குல டயர் இருந்த இடத்தில் 35 அங்குல டயர் வந்தால், தரையின் பிடிமானம் அதேயளவு இருந்தாலும், சக்கரத்தைத் திருப்ப ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்குவிசை கால் பங்கு கூடிவிடும். ஆக்சிலின் பலவீனம் என்று பேசப்பட்டதில் ஒரு பகுதி, வண்டியின் வேலை மாறியதால் பிறந்தது.

வெறும் அளவை நம்பக் கூடாது என்பதற்கு 1976-ல் சிஜே ஜீப்புகளுக்கு வந்த ஏஎம்சி 20 பின் ஆக்சிலே தெளிவான சான்று. அதற்கு முன்பிருந்த டானா 44-இன் கிரவுன் 8.5 அங்குலம், இதனுடையது 8.875 அங்குலம். அளவை வைத்துப் பார்த்தால் புதியதுதான் வலுவானது. ஆனால் சிஜேக்களில் இதன் ஷாஃப்டும் ஹப்பும் தனித்தனித் துண்டுகள். கூம்பு முனையில் ஹப்பை அழுத்தி, நட்டால் இறுக்கியிருந்தார்கள். பெரிய டயரும் கடும் ஏற்றமும் சேர்ந்தபோது அந்த இணைப்பு நழுவியது: ஷாஃப்ட் சுற்றும், சக்கரம் சுற்றாது. பெரிய கிரவுனால் இதைத் தடுக்க முடியவில்லை. உள்ளே இருந்த டிஃபரன்ஷியலை மாற்றாமல், ஹப்போடு ஒரே துண்டாகச் செய்த ஷாஃப்டை மாட்டியே பலர் இந்தக் குறையைத் தீர்த்தார்கள். இன்னும் சிலர் ஃபுல் ஃப்ளோட்டிங் கிட் பொருத்தி, ராணுவ ஜீப்பில் முதலிலேயே இருந்த அமைப்புக்குத் திரும்பினார்கள்.

தடிமனுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் முப்படிக்கேற்ப உயர்கிறது. 1.31 அங்குல ஷாஃப்டை 1.5 அங்குலமாக்கினால் விட்டம் ஏழில் ஒரு பங்குதான் கூடும். வலுவோ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். முப்பது பற்கள் கொண்ட டானா 44 ஷாஃப்டுக்கும் முப்பத்தைந்து பற்கள் கொண்ட டானா 60 ஷாஃப்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். செமி ஃப்ளோட்டிங் வகையான டானா 44 நற்பெயர் பெற்றிருப்பது என் வாதத்துக்கு எதிரான சான்று என்றும் சொல்லலாம். ஆனால் அதன் பிந்தைய வடிவத்தில் ஷாஃப்டும் சக்கரத் தட்டும் ஒரே துண்டு. வெளிமுனையின் பேரிங்கும் தகடும் ஷாஃப்டைப் பிடித்துவைத்திருக்கும். மாறாக, 1990-களின் ஜீப் ராங்லரில் வந்த, அதே செமி ஃப்ளோட்டிங் வகையான டானா 35-இல் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு ‘சி’ வடிவக் கிளிப்தான் ஷாஃப்டை நிறுத்துகிறது. ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரமே வெளியே நழுவிவரலாம். ஒரே வகைக்குள்ளும் இத்தனை வேறுபாடு இருப்பதால், ஒடிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தடிமனுக்கு முன்னதாகவே கேட்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் டானா 60 போட்டுவிட்டால் கவலை தீராதா? கனரக பிக்கப்புகளுக்கான அந்த ஆக்சிலின் எடை, இலகுவான சிஜேயில் ஸ்பிரிங்குக்குக் கீழே சேர்கிறது. மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை ஒட்டி ஓடுவது கடினமாகும். பெரிய டிஃபரன்ஷியல் தாழ்ந்து தொங்குவதால், டயர் தந்த உயரத்தில் ஒரு பகுதி பறிபோகும். மேலும், ஷாஃப்ட் ஒடியாவிட்டால் அதை ஒடித்திருக்கக்கூடிய விசை யூனிவர்சல் ஜாயிண்டையோ டிரான்ஸ்ஃபர் கேஸையோ தேடிப்போகும். ஷாஃப்டைக் காட்டுவழியிலேயே மாற்றிவிடலாம். உடைந்த டிரான்ஸ்ஃபர் கேஸை அங்கே சீராக்க முடியாது.

எனவே தேர்வு டயரிலிருந்து தொடங்கட்டும். 31, 32 அங்குலத்தோடு நிற்பவருக்கு நல்ல நிலையிலுள்ள பழைய ஹவுசிங்கும் ஒரே துண்டு ஷாஃப்டும் போதும். 33 அங்குலமும், இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் லாக்கரும் என்றால் டானா 44 தரம் வேண்டும். 2003-ல் ரூபிகான் ராங்லரின் முன்னும் பின்னும் லாக்கரோடு டானா 44 வைத்துத் தொழிற்சாலையே இந்தத் தரத்தை ஏற்றது. அதற்கும் மேலே, பாறையே வேலை என்பவர் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலுக்குச் செலவிடுவது நியாயம். எடையை எது தாங்குகிறது, ஒடிந்தால் சக்கரம் நிற்குமா என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தபின் தடிமனைக் கணக்கிட்டால், போடும் பணம் உண்மையான வலுவாக மாறும்.