அபூதாலிப் கணவாய் கற்பிக்கும் பொறுமை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சோதனை வரும்போது ‘பொறுமையாக இருங்கள்’ என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறுகிறோம். ஆனால், வாய்மூடிக் கிடப்பதே பொறுமை என்று நம்மில் பலர் எண்ணிவிடுகின்றனர். ‘ஸப்ரு’ எனும் அரபுச் சொல்லோ மனத்தைக் கட்டுப்படுத்துதல், நிலைகுலையாது நிற்றல் ஆகிய பொருள்களைத் தருவது. அந்த நிலைகுலையாமை எத்தகையது என்பதை மக்காவின் ஒரு கணவாயில் கழிந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

நபித்துவத்தின் 5ஆம் ஆண்டில் (கி.பி. 615) முஸ்லிம்களில் ஒரு குழுவினர் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்று, நஜ்ஜாஷி மன்னரிடம் அடைக்கலம் பெற்றனர். ஹம்ஸா (ரலி), உமர் (ரலி) ஆகியோர் இஸ்லாத்தைத் தழுவினர். அடியும் அச்சுறுத்தலும் பயன் தரவில்லை என்று கண்ட குறைஷித் தலைவர்கள் 7ஆம் ஆண்டில் வேறு வழியைக் கையாண்டனர். நபி (ஸல்) அவர்களைத் தங்களிடம் ஒப்படைக்கும்வரை பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் குடும்பத்தாருடன் திருமண உறவு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை என்று உடன்படிக்கை எழுதிக் கஅபாவினுள் தொங்கவிட்டனர்.

அபூலஹபைத் தவிர, அவ்விரு குடும்பத்தாரும் அபூதாலிபின் கணவாயில் ஒன்றுதிரண்டனர். இஸ்லாத்தை ஏற்காதவர்களும் அவர்களுள் இருந்தனர். பசியால் அழும் குழந்தைகளின் குரல் கணவாய்க்கு வெளியிலும் கேட்டது. இலைதழைகளை உண்டு உயிர் வாழ்ந்தனர். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் ஓர் இரவில் கிடைத்த உலர்ந்த ஒட்டகத் தோலைக் கழுவி, சுட்டு, பொடித்துத் தண்ணீருடன் உண்டதாக வரலாறு கூறுகிறது. செல்வச் சீமாட்டியாக வாழ்ந்த அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அந்தப் பசியில் பங்கேற்றார்கள்.

இத்தனைக்கும் இடையில் அண்ணலார் (ஸல்) தம் பணியை நிறுத்தவில்லை. புனித மாதங்களில் வெளியே வந்து, ஹஜ்ஜுக்கு வந்த மக்களிடம் ஏகத்துவத்தை எடுத்துரைத்தார்கள்.

அன்பர்களே! இந்த உறுதி வெளியில் இருந்தவர்களின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பியது. ஹிஷாம் இப்னு அம்ர் என்பவர் இரவு நேரத்தில் ஒட்டகத்தில் உணவேற்றிக் கணவாயின் வாயிலுக்குக் கொண்டுவருவார். மூக்கணாங்கயிற்றைக் கழற்றி, விலாவில் தட்டி உள்ளே விரட்டிவிடுவார். பின்னர் அவரே ஸுஹைர் இப்னு அபீஉமைய்யாவிடம் சென்று நியாயம் கேட்டார். ‘நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?’ என்பதே அவருடைய பதில். ‘இரண்டாமவனாக நான் இருக்கிறேன்’ என்றார் ஹிஷாம். இவ்வாறே முத்இம் இப்னு அதீ, அபுல் பக்தரீ, ஸம்ஆ ஆகியோரும் சேர, ஐவராயினர். மறுநாள் கஅபாவின் முன் ஸுஹைர் முதலில் குரல் எழுப்பினார். அபூஜஹ்ல் எதிர்த்தான், மற்ற நால்வரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தனர். முத்இம் அந்த ஏட்டைக் கிழிக்கச் சென்றபோது, அல்லாஹ்வின் திருப்பெயர் தவிர மற்றவற்றைக் கரையான் அரித்திருந்தது.

சோதனை அத்துடன் முடிந்ததா? இல்லை. 10ஆம் ஆண்டிலேயே (கி.பி. 619) அபூதாலிபும் அன்னை கதீஜா (ரலி) அவர்களும் மறைந்தனர். அதன்பின் தாயிஃபில் கல்லடி. பொறுத்தோம், ஆகவே இனித் துன்பம் வராது என்று அல்லாஹ்விடம் கணக்குப் பேச இயலாது. ஒரு சோதனையில் பெற்ற உறுதியே அடுத்த சோதனைக்கான கட்டுச்சோறு.

அண்ணலார் (ஸல்) தாம் பெற்ற உதவியையும் மறக்கவில்லை. தாயிஃபிலிருந்து திரும்பியபோது பாதுகாப்பு அளித்தவரும் அதே முத்இம்தான். அவர் இஸ்லாத்தை ஏற்காமலே மறைந்தார். ஆயினும், அவர் உயிரோடிருந்து கேட்டிருந்தால் பத்ருக் கைதிகளை அவருக்காக விடுவித்திருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

இன்று சமயத்தின் பெயரால் வாடகை வீடு மறுக்கப்படுவோரும், வணிகத்தில் ஒதுக்கப்படுவோரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் கணவாய்வாசிகளைப் போல ஒன்றுபட்டு நிற்கட்டும். தம் பணியைத் தொடரட்டும். நீதியை நேசிக்கும் பிற சமயத்தாரை நன்றியுடன் நினைவுகூரட்டும். அதே வேளையில், கருத்து வேறுபாட்டிற்காக ஒரு குடும்பத்தை மஹல்லாவிலிருந்து ஊர்நீக்கம் செய்வோர், தாம் யாருடைய வழிமுறையைப் பின்பற்றுகிறோம் என்று சிந்திக்கட்டும். ‘நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?’ என்று ஒதுங்கி நிற்போர் ஹிஷாமை எண்ணிப் பார்க்கட்டும்.

ஹிஜ்ரி 10இல் இறுதி ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள் தங்குவதற்குத் தேர்ந்த இடம், குறைஷியர் அந்த விலக்கலுக்குச் சத்தியம் செய்துகொண்ட பனூ கினானாப் பள்ளத்தாக்கு. சத்தியம் செய்தவர்களின் கூட்டணி மறைந்துவிட்டது. விலக்கப்பட்டவர் பெருந்திரளான மக்களுடன் அங்கே வந்து இறங்கினார்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஸப்ரின் உண்மைப் பொருளை உணர்ந்து வாழும் பாக்கியத்தை நல்குவானாக! ஆமீன்.